கேட்டுத்தான் காயப் போட்டாள்

தங்கப்பொண்ணு என்ற பெயரை முத்துத்தாய் முதன்முதலில் கேட்டது, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு. டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே அவள் பிறந்த ஊர். வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஜெயபாண்டி, அவன் அப்பா நல்லகாமன், பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா மகன் பேயாண்டி, மிச்சமெல்லாம் ஒன்றுவிட்டதும் இரண்டுவிட்டதும். மாப்பிள்ளைக்குத் தாய் இல்லை. தாய் இடத்தில் நின்று பெண்ணைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் அவனுடைய அக்காள். அவளைத்தான் காணோம்.

"மூத்தவுக வரலையா?" என்று முத்துத்தாயின் அம்மா கேட்டாள்.

நல்லகாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தங்கப்பொண்ணா? அது வராது தாயி. ஆட்டுக்குப் பேறுகாலம். குட்டி குறுக்க கெடக்கு" என்றார்.

அம்மா அடுப்படிக்கு வந்து முணுமுணுத்தாள். "பொண்ணு பாக்குறதுக்கு ஆடு குறுக்க வந்துருச்சாம். அந்த வீட்டுல எம்மகளுக்கு ஆடு தின்ன பெறகுதான் சோறு."

ஆனால் முத்துத்தாயின் அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. மகளுக்கு உடம்புக்குச் சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, சொல்லவில்லையே என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே பெண் கொடுத்தார்.

நல்லகாமனுக்குப் பூர்வீகம் செக்கானூரணிக்கு மேற்கே. பஞ்சம் பிழைக்கச் செங்கல் சூளை வேலைக்கு வந்தவர், வண்டியூருக்குக் கிழக்கே ஓர் இடத்தை வாங்கி இரண்டு வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். மகள் தங்கப்பொண்ணைப் பதினேழு வயதில் விருமாண்டி என்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான். இரண்டு வருசம் பொறுத்தாள். மூன்றாம் வருசம் தாலியைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, தாய்வீட்டுச் சீராக வந்த ஒரு பெட்டை ஆட்டை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தவள்தான். அப்போது ஜெயபாண்டிக்குப் பன்னிரண்டு வயது. அடுத்த வருசமே தாயும் போய்ச் சேர்ந்தாள். தம்பிக்குச் சோறு போட்டது அக்காள், பள்ளிக்கூடத்துக்குச் சட்டை எடுத்தது அக்காள், டிரைவிங் பழக்கிவிட்டது அக்காள் கிடாய் விற்ற காசு. முத்துத்தாயின் கல்யாணத்துக்கு வெட்டியதும் அவள் ஆட்டுக் கொட்டத்துக் கிடாய்கள்தான்.

மதுரைப் பக்கம் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்தால் தை பிறக்கிற வரைக்கும் அதுதான் அவர்களுக்குக் குளிர்காலம். முதல் மழைக்குத் துளிர்க்கிற புல் பார்க்க அழகாக இருக்கும். வெறும் வயிற்றோடு அதை மேய்ந்த ஆடு துள்ளுமாரி என்கிற நோய் கண்டு, நின்ற இடத்தில் துள்ளி விழுந்து செத்துப்போகும். காய்ந்த தழையைப் பாதி வயிற்றுக்குப் போட்டுவிட்டு அப்புறம் அவிழ்த்துவிட்டால் தப்பிக்கும். ஆகவே தங்கப்பொண்ணு ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் அரிவாளும் சாக்குமாகத்தான் திரிவாள். கொழுஞ்சி, நரிப்பயற்றங்கொடி, சாரணை, தொய்யக்கீரை, எல்லாம் தானாக முளைத்த செடிகள். கண்மாய்க்கரையிலும் ரிங் ரோட்டு ஓரத்திலும் வீடு கட்டாத பிளாட்டுகளிலும் கிடக்கும்.

அறுத்ததை அப்படியே குவித்தால் உள்ளே சூடேறி வேகும். மெல்லிசாகப் பரப்ப வேண்டும். உச்சிவெயிலில் ஒருதடவை புரட்டவேண்டும். தண்டை முறித்தால் முறிய வேண்டும், இலையைக் கசக்கினால் பொடியக் கூடாது. அந்தப் பதத்தில் கட்டினால் மார்கழியில் பிரிக்கும்போதும் பச்சை வாசம் வரும். முத்துத்தாயும் கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து கூடப் போனாள். வேலையில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவளுக்குப் பழக நாளானது வேறொன்று. தங்கப்பொண்ணு எந்தப் பிளாட்டில் கால் வைத்தாலும், அக்கம்பக்கத்தில் விசாரித்து உடைமைப்பட்டவரைக் கேட்காமல் அரிவாளை எடுக்கமாட்டாள்.

"ஏம்மா, களைச் செடிக்கு யாராவது வந்து கேப்பாகளா? அறுத்துட்டுப் போம்மா, புண்ணியமாப் போகும்" என்று சனங்கள் சிரிப்பார்கள்.

"கேட்டாத்தானய்யா நீங்க குடுத்ததாகும். கேக்காம எடுத்தா அதுக்கு வேற பேரு" என்பாள்.

பதினான்கு வருசத்துக்கு முன்னால் ஒருநாள், அவர்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரையைப் பார்த்தார்கள். கே.கே. நகரில் இருந்த சீதாராமன் என்பவர் வாங்கிப்போட்ட பிளாட்டு. சௌராஷ்டிரக் குடும்பம், விளக்குத்தூண் பக்கம் ஜவுளி வியாபாரம். சுற்றிலும் சுவர் எழுப்பி, அஸ்திவாரம் போட்டு, தரையும் போட்டு முடித்த நேரத்தில் மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். மகன் ஸ்ரீநாத் வெளிநாட்டில். அவர் மனைவி லலிதாம்பாளுக்கு அந்த வீட்டைத் தொடர மனசில்லை. இடுப்பு உயரத்துக்கு மண் நிரப்பிப் போட்ட தரை, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. சுவர் இருப்பதால் மாடு வராது. மூலையில் காவல்காரனுக்குப் போட்ட தகரக் கொட்டகை வேறு இருந்தது. தழை காயப்போட அதைவிட நல்ல இடம் தேடினாலும் கிடைக்காது.

விலாசம் விசாரித்து இரண்டு பேரும் பஸ் ஏறிக் கே.கே. நகருக்குப் போனார்கள். தங்கப்பொண்ணு வெறுங்கையோடு போகமாட்டாள். நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ ஒரு பை கொண்டுபோனாள். லலிதாம்பாளுக்குச் சர்க்கரை இருந்தது, பூவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தழைதானே? காயப் போட்டுக்கோ. வேற யாரும் உள்ளே வராம பார்த்துண்டா எனக்கும் உதவிதான்" என்றாள்.

அத்தோடு தங்கப்பொண்ணு விட்டாளா? வருசா வருசம் ஆவணி பிறந்ததும் பூவோடு போய் நிற்பாள். "இந்த வருசமும் காயப் போடட்டுமாம்மா?" என்பாள். "போடு" என்று லலிதாம்பாள் சொன்ன பிறகுதான் முதல் சுமை அந்தத் தரையில் விழும். பதினான்கு தடவை கேட்டாள். பதினான்கு தடவையும் முத்துத்தாய் பக்கத்தில் நின்றாள். எதுவும் எழுத்தில் கிடையாது.

போன வருசம் புரட்டாசி. தகரக் கொட்டகையில் பாதி உயரத்துக்குக் கட்டு அடுக்கியாயிற்று. தரையில் மிச்சம் காய்ந்துகொண்டிருந்தது. ஜெயபாண்டி ஒருநாள் அடுத்த வீட்டில் இருந்த அக்காளின் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"யக்கா, கவர்மெண்டுல ஆட்டுக் கொட்டகை கட்டித் தாராகளாம். நீ தழைக்கட்டோட, ஆட்டோட நிக்கிற மாதிரி போட்டோ வேணுமாம். நம்ம சிவக்குமார்தான் பாத்துச் செய்றான்."

"எம்புட்டுக் கொட்டகைடா? பத்தொம்பது ஆடு கொள்ளுமா?"

"முப்பதே கொள்ளும். நீ அழுக்குச் சேலையோட நிக்காத, அம்புட்டுத்தான்."

சிவக்குமார் இடம் வாங்கி விற்கிற புரோக்கர். அவனுக்கும் ஆட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று முத்துத்தாய்க்குத் தோன்றாமல் இல்லை. கேட்டாள். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றான் புருசன். அவளும் சும்மா இருந்தாள். இருந்தது மட்டுமா, தன் பெட்டியைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். தங்கப்பொண்ணுக்குத் தலைவாரி, கனகாம்பரம் வைத்துவிட்டாள். அடுக்கிவைத்த தழைப்படப்புக்கு முன்னால், இரண்டு கிடாயைக் கையில் பிடித்துக்கொண்டு, தங்கப்பொண்ணு சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் போட்டோவுக்குச் சிரித்து நின்றதை அன்றைக்குத்தான் முத்துத்தாய் பார்த்தாள். அப்புறம் ஜெயபாண்டி காட்டின இடத்திலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். பெயர் எழுத மட்டும் தெரியும். தம்பி நீட்டின காகிதத்தை வேறொருவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

புரட்டாசி கடைசியில் முத்துத்தாயின் போனுக்கு லலிதாம்பாள் கூப்பிட்டாள். ரெண்டு பேரும் வாங்கோ என்றாள், வேறு பேச்சில்லை.

வழக்கமாகக் கதவைத் திறந்து உள்ளே உட்காரவைக்கிற அம்மா, அன்றைக்குக் கிரில் கேட்டைத் திறக்கவில்லை. உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கட்டுக் காகிதம்.

"படிக்கிறேன், கேளு" என்றாள். "மேற்படி இடத்தை மனுதாரர் கடந்த பதினான்கு வருடங்களாக யாருடைய அனுமதியும் பெறாமல், எல்லோரும் அறியத் தன் சொந்த இடமாக அனுபவித்து வருகிறார். மனுதாரர் யாரு தெரியுமா? நீதான். இதோ உன் போட்டோ."

கம்பிக்கு இடையில் அந்தக் காகிதத்தை நீட்டினாள். அரக்குச் சேலை, கனகாம்பரம், பின்னால் தழைப்படப்பு. பன்னிரண்டு வருசத்துக்கு மேலே ஓர் இடத்தைக் கேட்பாரில்லாமல் வைத்திருந்தால், அது எனக்குத்தான் என்று கோர்ட்டுக்குப் போக வழியிருக்கிறதாம். அந்த வழியில் தங்கப்பொண்ணின் பெயரை முன்னே விட்டு யாரோ பின்னே நடந்திருக்கிறார்கள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

"அம்மா, ஆவணியில வந்து கேட்டேனேம்மா. நீங்க போடுன்னு சொன்னீகளே" என்றாள் தங்கப்பொண்ணு.

"சொன்னேன். அது எனக்கும் உனக்கும்தானே தெரியும்? பிள்ளை போன்ல கத்தறான், ஆட்டுக்காரிக்கு எடத்தைத் தூக்கிக் குடுத்துட்டியேன்னு. நான் என்னத்தைச் சொல்ல?" லலிதாம்பாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "பதினாலு வருஷம் உன் கையால பூ வாங்கிக் கொதிக்க வெச்சுக் குடிச்சேன். இனிமே நம்பிக் குடிப்பேனா?"

தங்கப்பொண்ணு காகிதத்தைக் கம்பி வழியே திருப்பிக் கொடுத்தாள். இரண்டு பேரும் திரும்பப் பஸ் ஏறினார்கள். தெப்பக்குளம் தாண்டின பிறகு, தங்கப்பொண்ணு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தச் சேலைய நீதான எடுத்துக் குடுத்த, முத்து?"

"மயினி, எம்பிள்ளைக மேல சத்தியமா எனக்குத் தெரியாது."

"பிள்ளைகள எதுக்கு இழுக்குற? கேட்டதுக்குச் சொல்லு."

"நாந்தான் குடுத்தேன்."

மறுநாள் காலை ஜெயபாண்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காள் வந்து நிலைப்படியில் நின்றாள். அவன் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தான்.

"ஒக்காருக்கா. முத்து, அக்காளுக்குத் தட்டு எடு."

"யாரையும் கேக்காம நான் அந்த எடத்துல கால் வச்சேன்னு எழுதிருக்கியாமே?"

"வக்கீலு எழுதுறதுக்கா அது. அப்படித்தான் எழுதணும்."

"கேட்டுத்தான போட்டேன். வருசா வருசம் போய்க் கேட்டேனேடா."

"யாரு பாத்தா? நீயும் அந்தம்மாவும்தான. அப்புறம் இவ" என்று முத்துத்தாயைக் காட்டினான். "இவ எம்பொண்டாட்டி. யக்கா, ஒனக்குத்தான் செய்றேன். ரோடு போட்ட பெறகு அந்த எடம் என்ன வெலை தெரியுமா? அவுகளுக்கு அது பத்தோட பதினொண்ணு. நீ வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும், அந்தத் தரை காலத்துக்கும் ஒனக்கு. எவளையும் போய்க் கேக்க வேண்டாம்."

"எனக்காடா? இல்ல சிவக்குமாருக்கா?"

அவன் கையைத் தட்டிலேயே கழுவினான். "மாத்திப் பேசுனயின்னா நான் பொய்க் கேசு போட்டவன்னு ஆகும். உள்ள தூக்கி வைப்பாக. அப்புறம் தம்பின்னு ஒருத்தன் இருந்தான்னு மறந்துரு" என்று எழுந்தான்.

திங்கட்கிழமை கோர்ட்டிலிருந்து ஒருவர் இடத்தைப் பார்க்க வருகிறார் என்று சனிக்கிழமை அவனே வந்து சொன்னான். தழையைத் தரை முழுக்கப் பரப்பச் சொன்னான், படப்பை வெளியே தெரிகிற மாதிரி உயர்த்தி அடுக்கச் சொன்னான், ஆட்டையெல்லாம் அங்கேயே கட்டச் சொன்னான். பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஆண்டு அனுபவிக்கிற இடமாகத் தெரிய வேண்டுமாம். தங்கப்பொண்ணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. காய்ந்துகொண்டிருந்த தழை நனைந்தது, கொட்டகையின் ஓட்டைத் தகரத்தில் ஒழுகி அடுக்கின கட்டும் நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து முத்துத்தாய் வாசல் தெளிக்க வந்தபோது, தங்கப்பொண்ணு தலையில் ஒரு கட்டோடு வந்துகொண்டிருந்தாள். தன் வீட்டு வாசலில் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். இன்னொரு கட்டு. தண்ணீர் சொட்டிக் கழுத்தில் இறங்கியது. தரையைக் காலி செய்கிறாள் என்று முத்துத்தாய்க்கு நாலாவது நடையில்தான் புரிந்தது. வாளியை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள். தங்கப்பொண்ணு அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ஜெயபாண்டி சிவக்குமாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் வந்தான்.

"யக்கா, என்ன செய்ற நீ? ஈரத்தழையப் போயிக் கட்டுற. பூசணம் பிடிச்சு ஒண்ணுக்கும் ஆகாது. நீயே சொல்லுவியே."

"தெரியும்டா" என்று சொல்லிக் கயிற்றை இறுக்கினாள்.

சிவக்குமார் சிரித்தான். "அண்ணே, எங்கேயும் பாத்ததில்ல. கோடி ரூவா எடத்த விட்டுட்டு ஒங்க அக்கா குப்பையத் தூக்கிட்டுப் போகுது."

"குப்பைதானப்பா என்னுது" என்றாள் தங்கப்பொண்ணு.

ஜெயபாண்டி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையில் சும்மாடு இருந்தது.

"நீயுமாடி?"

"சேலையும் நாந்தான் எடுத்துக் குடுத்தேன். கட்டத் தூக்கவும் நாந்தான் வரணும். வழிய விடுங்க" என்றாள். தெருவே நின்று பார்த்தது. தாலி கட்டின நாளிலிருந்து அவனை எதிர்த்து அவள் பேசியது அது ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் நூற்றுப்பத்துக் கட்டும் வெளியே வந்துவிட்டது. தங்கப்பொண்ணு விளக்குமாற்றை எடுத்துத் தரையை ஒரு சருகு இல்லாமல் கூட்டினாள்.

திங்கட்கிழமை கோர்ட்டு அனுப்பிய கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் நோட்டும் டேப்புமாக வந்தார். வெறும் தரையை இப்படியும் அப்படியும் பார்த்தார். "இங்கே தழையும் ஆடும் இருக்கிறதாகப் போட்டிருக்கே" என்றார். ஜெயபாண்டி அங்கே வரவில்லை.

"இருந்துச்சுய்யா. அந்தம்மாவக் கேட்டுத்தான் காயப் போட்டேன். பதினாலு வருசமாக் கேட்டுத்தான் போட்டேன். இப்ப எடுத்துட்டேன். எடம் அவுகளுது. என்னுதுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல."

"இந்த மனுவுல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாய்யா. என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாது. எந்தம்பி போடச் சொன்னான்."

அவர் எழுதினார். தங்கப்பொண்ணு படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அலுத்துக்கொண்டாலும் படித்தார். அதற்குப் பிறகுதான் பேனாவை வாங்கினாள். முத்துத்தாயும் சாட்சிக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டாள். கேஸ் அதோடு நிற்கவில்லை. இரண்டு வாய்தா இழுத்தது, அப்புறம் விழுந்தது. ஜெயபாண்டியை யாரும் உள்ளே வைக்கவில்லை. கேஸ் போட்ட வக்கீலும் சிவக்குமாரும் அவனைத் திட்டியதோடு சரி.

தழையின் கதைக்கு வாருங்கள். மூன்றாம் நாள் தங்கப்பொண்ணு ஒரு கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அடுப்புச் சாம்பல் மாதிரி சூடு. பிரித்தால் உள்ளே கறுத்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வாசலில் பரப்பிக் காயவைக்கலாம் என்றால் வானம் விடவில்லை. ஐப்பசி இரண்டாம் வாரம் பிடித்த மழை ஒன்பது நாள் பெய்தது. பூசணத் தழையைப் போடாதீர்கள் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். ஆடுகள் பசியில் கத்தின. பட்டினி போடவும் முடியாமல், மழை விட்டு வெறித்த அன்றைக்கு அவிழ்த்துவிட்டாள். கண்மாய்க்கரை முழுக்கப் பச்சைப் பசேல் என்று புல். கார்த்திகை முடிவதற்குள் பன்னிரண்டு ஆடு துள்ளிச் செத்தன. முத்துத்தாய்தான் கூட நின்று குழி வெட்டினாள். ஜெயபாண்டி எட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதம்தான் அவன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு அடித்தான்.

லலிதாம்பாள் கூப்பிடுவாள் என்று தங்கப்பொண்ணு நினைத்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. ஆனால் தினமும் ஒருதரம் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "முத்து, ஒம்போனு அடிச்சுச்சா?" என்பாள். தை மாதம் பிளாட்டு வாசலில் லாரி வந்து செங்கல் இறக்கியது. யாரோ புது ஆட்கள். ஸ்ரீநாத் இடத்தை விற்றுவிட்டான் என்று மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது. முத்துத்தாய் மனசு கேட்காமல் கே.கே. நகருக்குப் போன் போட்டாள்.

"எங்க மயினி அன்னிக்கு உண்மையத்தான் சொல்லுச்சும்மா. அதுனாலதான கேஸ் போச்சு."

"தெரியும்மா. வக்கீல் சொன்னார்" என்றாள் லலிதாம்பாள். "நடந்தது நடந்துபோச்சு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டாம்."

முத்துத்தாய் அதைத் தங்கப்பொண்ணிடம் சொல்லவில்லை. அந்தம்மா போன் எடுக்கவில்லை என்று சொன்னாள். தங்கப்பொண்ணு அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "நீ பொய் சொல்லப் பழகிட்ட" என்றாள்.

மாசியில் ஜெயபாண்டி தன் பங்குக்கு ஒன்று செய்தான். அப்பன் கட்டின வீடு இரண்டும் தன் பெயரில் இருக்கிறது, அக்காள் இருக்கிற வீட்டை வாடகைக்கு விடப்போகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். நேரில் வரவில்லை. நல்லகாமன் செத்து ஆறு வருசம் ஆகியிருந்தது, கேட்க நாதியில்லை. பூர்வீக ஊரில் இருக்கிற சித்தப்பா மகன் பேயாண்டிக்குச் சேதி போய், அவன் ஒரு குட்டியானை லோடு வண்டியோடு வந்தான்.

"வாக்கா போவோம். நம்ம ஊருல தழைக்கா பஞ்சம்?" என்று ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றினான்.

முத்துத்தாய் ஒரு பாத்திரத்தில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். தங்கப்பொண்ணு வாங்கிக்கொண்டாள். வண்டியில் கால் வைக்கப் போனவள் நின்றாள்.

"முத்து, அன்னிக்கு நீ தெரிஞ்சு பூ வச்சியா தெரியாம வச்சியான்னு நான் இன்னமும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கட்டுத் தூக்குன. குழி வெட்டுன. இல்லங்கல. ஆனா கூடப்பிறந்தவன் மொகத்தையும் நான் இருவது முப்பது வருசமாப் பாத்தவதான, என்னத்தக் கண்டுபிடிச்சேன்?"

முத்துத்தாய்க்கு எத்தனையோ சொல்ல இருந்தது. போட்டோ எடுத்த அன்றைக்குப் புருசன் போனில் அக்கா பேரிலேயே போட்டுவிடலாம் என்று பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. கொட்டகைக்குத்தான் சொல்கிறான் என்று நினைத்தாள். அதையாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அதுவும் ஒரு குற்றமாகவே நிற்கும் என்று பட்டது. "போய்ட்டு வாங்க மயினி" என்று மட்டும் சொன்னாள்.

"வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.

முத்துத்தாய் இரண்டு தடவை செக்கானூரணி பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போனபோதெல்லாம் தங்கப்பொண்ணு காப்பி போட்டுக் கொடுத்து, பிள்ளைகளை விசாரித்து அனுப்பினாள். தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை.

தங்கப்பொண்ணு இப்போது செக்கானூரணிக்கு மேற்கே, பேயாண்டியின் புஞ்சை ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறாள். ஏழு ஆடு வைத்திருக்கிறாள்.